மலை ஏறும் முன் டைமிங் பெல்ட்டைப் பாருங்கள்!

போளூரில் இருந்து ஜமுனாமரத்தூருக்கு ஒரு பழைய கார் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம்.

காரில் அப்பா, அம்மா, பாட்டி, 2 குழந்தைகள். ஜவ்வாது மலையில் பீமன் அருவியைப் பார்க்க வேண்டும். கோமுட்டேரியில் படகு விட வேண்டும். திரும்பும்போது சாமை அரிசியும் மலைத்தேனும் வாங்க வேண்டும். இதுதான் திட்டம்.

மலைப் பாதை தொடங்குகிறது. வளைவுக்கு மேல் வளைவு. பக்கத்தில் காடு.

திடீர் என்று என்ஜின் நின்றுவிடுகிறது!

சாவியைத் திருகினால் "விர்" என்று வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் இருக்கிறது. பாட்டரியும் நன்றாக இருக்கிறது.

பிறகு என்ன கோளாறு? டைமிங் பெல்ட் அறுந்து இருக்கலாம்!

2 சுற்றுக்கு 1 சுற்று

பெட்ரோல் என்ஜினுக்குள் 4 வேலைகள் நடக்கின்றன. காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகின்றன. அந்தக் கலவை அமுக்கப்படுகிறது. தீப்பொறி பட்டு எரிகிறது. புகை வெளியே போகிறது.

உள்ளே வர ஒரு கதவு; வெளியே போக ஒரு கதவு. இந்தக் கதவுகளுக்கு வால்வு என்று பெயர்.

பிஸ்டன் மேலும் கீழும் ஓடி, கிராங்க் தண்டைச் சுற்றுகிறது. வால்வுகளைத் திறப்பது கேம் தண்டு. கிராங்க் 2 சுற்று சுற்றினால், கேம் 1 சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு தப்பவே கூடாது.

அதற்காக இரண்டு தண்டுகளையும் இணைத்து இருக்கிறார்கள். சில கார்களில் சைக்கிள் சங்கிலி போன்ற இரும்புச் சங்கிலி. சில கார்களில் பல் வைத்த ரப்பர் பெல்ட். சில வண்டிகளில் பல்சக்கரங்களே ஒன்றை ஒன்று சுற்றும்.

சங்கிலியா, பெல்ட்டா?

பழைய அம்பாசிடர், மும்பையில் தயாரான பியட், சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றின் பெட்ரோல் என்ஜினில் இருப்பது சங்கிலி.

1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி முதல் கார் விற்பனையான மாருதி 800-ல் இருப்பது பெல்ட்.

அம்பாசிடரும் மாருதி 800-ம் 2014-ம் ஆண்டோடு நிறுத்தப்பட்டன. ஆனாலும் பலர் அவற்றை இன்னும் வைத்து இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கவனம் தேவை.

சங்கிலி, எண்ணெயில் நனைந்தபடி ஓடும். நாள்பட்டால் தேய்ந்து நீளும். அப்போது "கட கட" என்று சத்தம் போடும். அதுவே எச்சரிக்கை.

பெல்ட் அப்படி அல்ல. பெரும்பாலும் சத்தம் இல்லாமல் ஓடும். சொல்லாமல் அறுந்துவிடும்!

அறுந்தால் கேம் நின்றுவிடும். கிராங்க் சுற்றும். பல என்ஜின்களில், திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதும். வால்வு வளைந்துவிடும். பிறகு என்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டும்.

எப்படிச் சோதிப்பது?

பழைய அம்பாசிடர், பியட் கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுங்கள். ஸ்பானரால் கிராங்கைச் சிறிது முன்னால் சுற்றுங்கள். பிறகு பின்னால் சுற்றுங்கள். கிராங்க் திரும்பியும் உள்ளே இருக்கும் ரோட்டர் சும்மா நின்றால், சங்கிலி தளர்ந்து இருக்கலாம். எவ்வளவு தூரம் சும்மா நிற்கிறதோ, அவ்வளவு தளர்ச்சி.

பெல்ட் கார்களில் மேல் மூடியைத் திறந்து பாருங்கள். வெடிப்பு, பிய்ந்த நூல், தேய்ந்த பல், எண்ணெய்க் கசிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மாற்ற வேண்டும்.

பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்பக் கூடாது. ரப்பர், வயதானால் பலம் இழக்கும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆண்டு என்று காரோடு வரும் புத்தகத்தில் போட்டு இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ, அதுவே கெடு.

மாற்றும் முறை

இது தெரிந்த மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை. ஆனால் காரின் சொந்தக்காரருக்கும் விவரம் தெரிந்து இருக்க வேண்டும்.

முதலில் பாட்டரி வயரைக் கழற்ற வேண்டும். பல்சக்கரங்களில் உள்ள குறிகளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதன் பிறகே பழைய பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உருளையையும், கசியும் ஆயில் சீல்களையும் கூடவே மாற்றுவது நல்லது. சங்கிலி என்றால் தேய்ந்த பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதுச் சங்கிலியும் சீக்கிரம் தேயும்.

மாட்டியதும் சாவியைத் திருகக் கூடாது! ஸ்பானரால் கிராங்கை மெதுவாக 2 முழுச் சுற்று சுற்ற வேண்டும். குறிகள் மீண்டும் ஒத்து வந்தால் வேலை சரி. ஒரு பல் தள்ளி இருந்தாலும் மறுபடியும் பிரிக்க வேண்டும்.

வழியில் நின்றுவிட்டால்?

பயப்பட வேண்டாம். என்ஜின் நின்றால் சில கார்களில் பிரேக் பெடல் கல் போல இறுகும். விட்டு விட்டு மிதிக்காமல், பலமாக ஒரே மிதியாக மிதியுங்கள், பிடிக்கும். கார் நிற்கும் வரை சாவியை உருவாதீர்கள். உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம்.

கை பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். குழந்தைகளைப் பாதையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்வதும், காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கூடாது. தப்பிய வால்வுகளும் வளைந்துவிடும்.

மலைக்குக் கிளம்பும் முன் டயருக்குக் காற்று அடிக்கிறோம். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கிறோம். கூடவே இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

"இந்த வண்டிக்கு டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது?"

வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லையா? அப்படியானால் முதல் பயணம் மெக்கானிக் கடைக்கு. ஜமுனாமரத்தூருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போகலாம்!