தகடு கனமாக இருந்தால் போதுமா?

"அந்தக் காலத்து அம்பாசடர்ல இடிச்சா எதிர்ல வர்ற வண்டிதான் நசுங்கும். இப்ப வர்றதெல்லாம் தகர டப்பா." மெக்கானிக் ஷெட்டிலும் கல்யாண வீட்டிலும் கேட்கிற பேச்சு இது. இதை நம்பிப் பிள்ளைகளைப் பழைய காரில் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்குக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

அமெரிக்காவில் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2009-ல் இதைச் சோதித்தே பார்த்துவிட்டது. 1959 மாடல் செவ்ரலே பெல் ஏர் ஒருபுறம். 2009 மாடல் செவ்ரலே மாலிபு என்ற குடும்பக் கார் மறுபுறம். மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், ஓட்டுநர் பக்க முகப்புகள் மோதும்படி எதிரெதிரே விட்டார்கள். பெல் ஏரில் ஆள் உட்காரும் இடமே நொறுங்கியது. ஆள் ஓட்டியிருந்தால் பிழைத்திருக்க முடியாது. மாலிபுவில் இருந்திருந்தால் காலில் சிறு காயம், அவ்வளவுதான்.

புதுக் காரின் முகப்பு நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மோதலின் விசையை அது வாங்கிக்கொள்ள, ஆட்கள் இருக்கும் கூடு குலையாமல் நிற்கிறது. பழைய காரில் அந்த விசை உள்ளே இருப்பவர் உடம்பில் இறங்குகிறது. 2014 வரை தயாரான அம்பாசடருக்கும் அடிப்படை 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான்.

இன்று விற்கும் புதுக் கார்களில் முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் இருந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். 2023 அக்டோபரில் வந்த பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை, பெரியவர்களின் பாதுகாப்புக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் தனித்தனியே நட்சத்திரம் தருகிறது. அது கட்டாயமில்லை என்பதால் ஷோரூமில் நீங்கள்தான் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கான நட்சத்திரத்தை முதலில் கேளுங்கள்.

ஆசைக்குப் பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தை முதலில் பாருங்கள். 15 ஆண்டு முடிந்த வண்டி என்றால், அதன் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத கார்களுக்கு 2021 முதல் 'விண்டேஜ்' பதிவு உண்டு. ஆனால் அந்தப் பதிவு பெற்ற காரைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி.

விற்கிறவருக்கும் ஆபத்து இருக்கிறது. பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுத்துவிட்டால், பிறகு நடக்கும் விபத்துக்குப் பதிவில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துவிடுங்கள்.

நீங்கள் வாங்கிய காரின் குறையை மறைத்து விற்றவர் வியாபாரி என்றால், 2 ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ரசீதும் விளம்பரமும் சாட்சி. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் பெரும்பாலும் சிவில் நீதிமன்றம்தான் வழி. எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.