சுவருக்குள் வளர்ந்த குழந்தைகள்

பெற்ற குழந்தையை ஊரார் பாஷை அதன் காதில் விழாதபடி வளர்க்க முடியுமா என்று எவரேனும் கேட்டால், இது என்ன விபரீத ஆசை என்றுதான் நாம் நினைப்போம். ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளில் குடியேறிய அமெரிக்க மிஷனரித் தாய்மார் பலர் அந்த அசாத்தியமான காரியத்தையே தங்கள் தலையாய கடமைகளுள் ஒன்றாகக் கொண்டு, வியக்கத்தக்க பிடிவாதத்தோடு அதை நடத்திப் பார்த்தார்கள்.

அவர்களை அனுப்பியது பாஸ்டன் நகரத்து அமெரிக்கன் போர்டு. அது நமக்கு அந்நியமான ஸ்தாபனம் அன்று. 1816-இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, பின்னர் வட்டுக்கோட்டை செமினரியையும் உடுவில் பெண்கள் பாடசாலையையும் நிறுவியதும், 1834-இல் மதுரைக்கு வந்ததும் அதே சங்கந்தான். ஹவாய்க்குச் செல்லும் ஆடவர் மனைவியோடுதான் செல்லவேண்டும் என்று போர்டு விரும்பியதால், அக்காலத்துக் கல்யாணங்கள் சில மிகுந்த அவசரத்தில் நடந்தேறின. பள்ளிக்கூட ஆசிரியையாயிருந்த லூசி குடேல் என்ற பெண், அதற்குமுன் கண்டறியாத ஆசா தர்ஸ்டன் என்ற பாதிரியாரைச் சில வாரப் பழக்கத்தில் மணந்துகொண்டு, 1819 அக்டோபரில் ‘தாடியஸ்’ என்ற பாய்க்கப்பலில் ஏறினாள். ஏழு தம்பதிகளைச் சுமந்த அக்கப்பல் தென்னமெரிக்காவின் முனையைச் சுற்றிக்கொண்டு 1820 ஏப்ரலில் கைலுவா கரையைச் சேர்ந்தது.

அங்கே அவர்கள் அமைத்துக்கொண்ட வாழ்க்கையை ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் என்றே சொல்லலாம். முதல் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவருக்கும் தனிச் சம்பளம் கிடையாது. பாஸ்டனிலிருந்து வரும் மாவும் துணியும் ஹொனலூலுவில் ஒரு பொதுக் களஞ்சியத்தில் இறக்கப்பட்டு, அங்கிருந்து வீடுதோறும் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஒருவரையொருவர் சகோதரர், சகோதரி என்றே அழைத்தார்கள். ஆண்டுக்கொரு முறை எல்லாத் தீவுகளிலிருந்தும் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு ஹொனலூலுவில் கூடுகையில், சபைக் காரியங்களோடு பிள்ளை வளர்க்கும் பிரச்சினையும் தவறாமல் ஆலோசனைக்கு வரும். குழந்தையைப் பெற்றவள் ஒருத்தியாயினும், அதன் குணதோஷங்களைக் கவனிக்கும் கண்கள் ஐம்பது. கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் சௌகரியத்தையும் சங்கடத்தையும் நான் விவரிக்க வேண்டியதில்லை.

இந்தக் கட்டுக்கோப்புக்குள்தான் லூசி தர்ஸ்டன் ஐந்து குழந்தைகளை வளர்த்தாள். கைலுவாவில் அவளுடைய வீட்டைச் சுற்றிச் சுவர் எழும்பியது. அதற்குள்ளும், ஹவாய் மக்கள் வந்துபோகும் முற்றம் ஒன்றாகவும், குழந்தைகள் ஓடியாடும் முற்றம் வேறொன்றாகவும் பிரிக்கப்பட்டன. ஆண் பெண் உறவைப் பற்றி அம்மக்கள் குழந்தைகளின் எதிரிலேயே ஒளிவு மறைவின்றிப் பேசுவது, கடுமையான கால்வினியக் கட்டுப்பாட்டில் ஊறிய அத்தாய்மாருக்குச் சகிக்கமுடியாத பயத்தை உண்டாக்கியதே இதற்குக் காரணம். முதல் கப்பலில் ஐந்து குழந்தைகளோடு வந்த டேனியல் சேம்பர்லின் என்ற விவசாயி, 1823-இலேயே குடும்பத்தோடு திரும்பிப் போய்விட்டார். தங்கியவர்கள் சுவரை நம்பினார்கள். இதிலுள்ள விசித்திரத்தைக் கவனிக்கவேண்டும்: ஹவாய் மொழிக்கு எழுத்து வடிவம் வகுத்து, 1822-இல் அதில் அச்சுத்தாள் வெளியிட்டு, 1839-இல் வேதாகமம் முழுவதையும் அம்மொழியில் பெயர்த்து முடித்தவர்கள் இவர்கள்; ஆனால் பகல் முழுவதும் அதில் போதித்துவிட்டு வீடு திரும்பும் தாய், தன் மகள் அதில் ஒரு வார்த்தை பேசினால் கண்டித்தாள்.

சுவர் போதாதென்று தோன்றியபோது சமுத்திரத்தையே சுவராக்கினார்கள். ஹிராம் பிங்கம் பாதிரியாரின் மகள் சோபியா முதலாகப் பல குழந்தைகள், ஏழெட்டு வயதிலேயே, ஐந்தாறு மாதப் பிரயாணமாக நியூ இங்கிலாந்திலிருந்த உறவினர் வீடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஹவாய்க் குடும்பங்களில் பிறந்த குழந்தையை உற்றாருக்குக் கொடுத்து வளர்க்கும் ‘ஹானாய்’ என்ற வழக்கத்தைத் தாய்ப் பாசமற்ற செயலென்று குறைகூறிய பெற்றோரே இதைச் செய்தார்கள். ஹானாய்க் குழந்தையேனும் பெற்ற தாயை விரும்பியபோது பார்த்துவரலாம். லூசி தர்ஸ்டன் பிள்ளைகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் தானே அழைத்துக்கொண்டு புறப்பட்டாள். 1841-இல் நியூயார்க் சேர்ந்த சில நாட்களில் அவள் மகளொருத்தி நோயுற்று இறந்துபோனாள். அந்தத் தாயின் வாத்ஸல்யத்தைச் சந்தேகிப்பதற்கு நமக்கு உரிமையில்லை. அவளுடைய பயத்தின் அளவைத்தான் நாம் எடைபோடலாம்.

இத்தகைய பிரிவுகளைத் தாங்கமாட்டாமலே மிஷனரிகள், அரசகுலத்தார் பிங்கமுக்கு முன்பே அளித்திருந்த நிலத்தில், 1841-இல் புனஹோ என்ற பள்ளிக்கூடத்தை ஏற்படுத்தினார்கள். மறு ஆண்டில் டேனியல் டோல் என்பவரின் தலைமையில் வகுப்புகள் தொடங்கின. குழந்தைகள் பெற்றோருக்கு அருகிலேயே தங்கினார்கள். ஆனால் சுவர் இடியவில்லை, சற்று அகலமாயிற்று, அவ்வளவே. சகோதர சகோதரிகளின் மக்கள் என்ற முறையில் அப்பிள்ளைகள் தம்மை ஒரே குடும்பத்து உறவினராகப் பாவித்து, 1852-இல் சங்கமாகவும் திரண்டார்கள். இதற்கு எதிர்த்திசையில், 1839 முதல் அரசகுலக் குழந்தைகளை அவரவர் பரிவாரத்திலிருந்து பிரித்து, அமோஸ் குக் தம்பதிகளின் விடுதிப் பள்ளியில் அமெரிக்க முறைப்படி வளர்க்கும் ஏற்பாடும் நடந்தது. பிற்காலத்தில் அரசியாகிய லிலியோகலானி அங்கே பயின்றவர்.

மொழியைத் தடுக்கும் முயற்சி கடைசியில் தோற்றது. டேனியல் டோலின் மகன் சான்போர்டு 1844-இல் பிறந்த சில நாட்களில் தாயை இழந்து, ஹவாய்ப் பெண்ணொருத்தியின் பாலைக் குடித்து வளர்ந்தார். அவரும், லூசியின் பேரன் லோரின் தர்ஸ்டனும் ஹவாய் மொழியைச் சரளமாகப் பேசினார்கள். நாம் வேறு, அவர்கள் வேறு என்ற எண்ணமோ ஒரு தலைமுறையில் கரையவில்லை. 1893-இல் லிலியோகலானியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிய சதியை முன்னின்று நடத்தியவர் லோரின் தர்ஸ்டன். அதன்பின் அமைந்த ஆட்சிக்குத் தலைவரானவர் சான்போர்டு டோல். கரும்பு வியாபாரமும் அமெரிக்கக் கடற்படையும் இல்லாவிடில் அந்தச் சதி நடந்திராது என்பது மெய். குழந்தைப் பருவத்து முற்றத்தின்மேல் பழி முழுவதையும் ஏற்றுவது சரித்திரம் ஆகாது. ஆயினும், ஊரார் பாஷையில் தேர்ச்சி பெற்ற அம்மனிதர்கள் ஊராரைத் தம்மவராக எண்ணக் கற்காமற் போனதற்கு அந்த வளர்ப்பையும் ஒரு காரணமாகவே நான் கருதுகிறேன்.

அம்மிஷனரிகளின் சபை வழிவந்த ஐக்கிய கிறிஸ்து சபை, நூறாண்டு கழித்து, 1993 ஜனவரியில் ஹவாய் மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.