கலங்கலை அளக்கும் வெளிச்சம்

திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் போர் போட்டால் முதலில் பாறைத்தூள் பறக்கும். தண்ணீர் தட்டுப்பட்டதும் சாம்பல் நிறக் கலங்கல் பீய்ச்சும். கம்ப்ரசரைக் கொஞ்சநேரம் ஓடவிட்டு, "தெளிஞ்சிருச்சு" என்று கண்ணாலேயே முடிவு கட்டிவிடுகிறோம். கண் அவ்வளவு நம்பகமான ஆள் இல்லை.

அதற்குத்தான் கலங்கல்மானி இருக்கிறது. அது எப்படி அளக்கிறது? குப்பித் தண்ணீருக்குள் ஒளிக்கற்றையைப் பாய்ச்சும். மிதக்கும் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். 90 பாகையில் இருக்கும் உணரி அதைப் பிடிக்கும். ஏன் பக்கவாட்டில்? நேரே பார்த்தால் பளீர் வெளிச்சத்தில் சிறு குறைவு தெரியாது. பக்கத்து இருட்டிலோ லேசான மினுக்கமும் தெரியும். குப்பியில் கைரேகை இருந்தால் அதையும் கலங்கலாகவே காட்டும்! கெட்டிச் சேற்றிலோ, சிதறிய ஒளி உள்ளேயே மறிபட்டு அளவு குறைந்துவிடும். நீர்க்கச் செய்துதான் அளக்க வேண்டும்.

குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 1 என்.டி.யூ (கலங்கலை அளக்கும் அலகு), வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 5 வரை.