டிக்கோயாக் குளிரில் ஏன் வியர்க்கிறது?

மலையகத்து டிக்கோயாவில் விடியற்காலைப் பனி தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரையில் படிந்திருக்கும். உள்ளே, ஐம்பதை எட்டும் பெண் கம்பளியை உதறிவிட்டு வியர்வையைத் துடைப்பாள். ஏன்?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. உடல்வெப்பத்தைக் காக்கும் மூளையின் ஹைபோதலாமஸ் அப்போது பதறத் தொடங்குகிறது. இம்மியளவு சூடு கூடினாலும் தோலுக்கு இரத்தத்தைப் பாய்ச்சி வியர்க்க வைக்கும்.

‘இயற்கை ஹார்மோன்’ என்று விற்கப்படும் கிழங்குக் களிம்பு உதவுமா? நம் இராசவள்ளிக்கு உறவான மெக்சிகோக் காட்டுக்கிழங்கிலிருந்து 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் புரோஜெஸ்டிரோன் தயாரித்தது உண்மை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் நடந்த வேதிமாற்றம். அதைச் செய்யும் நொதி மனித உடலில் இல்லை. பூசினாலும் தின்றாலும் கிழங்கு கிழங்குதான். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் சாயலுள்ள பொருள் உண்டு, பலனோ சிறிது.

உடலின் ஹார்மோனையே ஒத்த எஸ்ட்ராடியோல் மருந்து நன்றாக வேலை செய்யும். கருப்பை உள்ளவர்கள் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர்த்தே எடுக்க வேண்டும். இல்லையேல் கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் அபாயம் கூடும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இது ஆகாது.

இதையெல்லாம் மருத்துவரிடம்தான் பேச வேண்டும். இலங்கையில் 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கானவை. ஒருநாள் பேர் (அன்றைய கூலி) போய்விடுமே என்று தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் தயங்குவது புரிகிறது. ஆனாலும் போய்க் கேட்கலாம்.