தண்டுவடக் காயம்: வீடு திரும்பிய பிறகுதான் வேலை அதிகம்

மோட்டார் சைக்கிள் விபத்திலோ, கட்டுமானத் தளத்தில் உயரத்திலிருந்து விழுந்தோ தண்டுவடம் பாதிக்கப்பட்டால், "எப்போது எழுந்து நடப்பான்?" என்பதே குடும்பத்தார் முதலில் கேட்கும் கேள்வி. மறுவாழ்வு சிகிச்சையாளர்கள் பார்ப்பது வேறு. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாற முடிகிறதா? சட்டையைத் தானே மாட்ட முடிகிறதா?

விடை, காயம் எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. கழுத்தில் 5ஆம் நரம்பு வரை மட்டும் வேலை செய்தால் முழங்கையை மடக்கலாம், நீட்ட முடியாது. துணை ஆள் தேவை. 7ஆம் நரம்பும் தப்பினால் கையை ஊன்றி உடலைத் தூக்கலாம். நெஞ்சுக்குக் கீழே என்றால் இரு கைகளுக்கும் முழு பலம் உண்டு. குளிப்பது, சமைப்பது, கையால் இயக்கும்படி மாற்றிய காரை ஓட்டுவது எல்லாம் பழகினால் வரும்.

உணர்வற்ற தோலை வலி எச்சரிக்காது. எனவே நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை உடலைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். படுக்கையில் சுமார் 2 மணிக்கு ஒருமுறை புரள வேண்டும். படுக்கைப்புண் வந்துவிட்டால் பல மாதப் பயிற்சி வீண். அக்கறையோடு கொடுக்கும் சுடுதண்ணீர் ஒத்தடமும் கொப்புளமாகிவிடும்.

சிறுநீர்ப் பிரச்சினையைப் பேச நம் வீடுகளில் இன்னும் கூச்சம். கை இயங்கும் பலர் 4 முதல் 6 மணிக்கு ஒருமுறை தாமே குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றக் கற்கிறார்கள். நெஞ்சின் 6ஆம் நரம்புக்கு மேல் காயமுற்றவருக்குத் திடீர்த் தலைவலி, வியர்வை வந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறியிருக்கலாம். நிறைந்த சிறுநீர்ப்பையே பெரும்பாலும் காரணம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, குழாய் அடைத்திருக்கிறதா எனப் பார்க்க வேண்டும், தணியாவிட்டால் மருத்துவமனைதான்.

சொக்சோ சந்தாதாரர் வேலைக்குப் போகும் வழியில் விபத்துக்குள்ளானாலும் அது பணி விபத்தாகவே கருதப்படும். இது தெரியாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. போலீஸ் புகாரையும் மருத்துவக் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள். மலாக்காவில் சொக்சோவின் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் இருக்கிறது. மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் அதன் திட்டம் 2007 முதல் நடக்கிறது. மாற்றுத்திறனாளி அட்டைக்குச் சமூக நல இலாகாவில் பதிய வேண்டும்.

தோட்டத்து வீடுகளில் பெரிய தடை வாசற்படியும் குந்தி உட்காரும் கழிப்பறையும்தான். சாய்தளம் கட்டுவோர் 1 அங்குல உயரத்துக்கு 1 அடி நீளம் என்று கணக்கு வைக்கலாம். அரை அடிப் படிக்கு 6 அடி. அதைவிடச் செங்குத்தானால் பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டியிருக்கும்.