இயந்திரத்தின் நாடி

நோயாளியின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த பிறகு நோயைச் சொல்லும் வைத்தியர் எவரும் இல்லை. அவர் நாடி பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். ஐயம் தீராவிட்டால் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்வார். ஆனால், புகை கக்கும் பழைய புல்டோசரைக் கண்டால் மட்டும் "எஞ்சினை இறக்கு, பிரித்துப் பார்த்துவிடலாம்" என்பதே நம்மவர் வழக்கமாக இருக்கிறது. அதனால் வரும் நட்டத்தை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

நாங்கள் தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகச் சித்தூருக்கு வந்து குடியேறியவர்கள். மாந்தோப்பு வைக்க மேட்டு நிலத்தைத் திருத்துவதும், ஏரிக்கரைக்கு மண் தள்ளுவதும் அப்பாவின் தொழில். பிறர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர், கடன் வாங்கிப் பழைய வண்டி ஒன்றைத் தாமே வாங்கினார்.

புல்டோசர் என்பது, முன்னால் தகடு பூட்டிய, சங்கிலித் தடத்தில் ஊர்ந்து செல்லும் டிராக்டரே ஆகும். பழைய வண்டியைச் செப்பனிட்டு ஓட்டுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டே மத்திய டிராக்டர் நிறுவனம் நாணற்புல் மண்டிய நிலங்களைத் திருத்தத் தொடங்கியது. அப்பணியை விரிவாக்க 1949-இல் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் வழங்கியது. 1964-இல் தோன்றிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம், சித்தூருக்கு மேற்கே கோலார் தங்கவயலில் புல்டோசர்களைச் செய்துவருகிறது. ஆயினும், புது வண்டிக்கு வழியில்லாதவர்க்குப் பழையதே கதி.

இனி, தேய்மானம் என்றால் என்ன என்று பார்ப்போம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் அழுத்தும் காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாகிறது. அதில் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளும், பிஸ்டன் ஓடும் லைனரும் தேய்ந்தால் அழுத்திய காற்று கீழே நழுவும். எண்ணெய் மேலே ஏறி எரியும். வண்டி எளிதில் கிளம்பாது, இழுவையும் குறையும்.

இதைப் பிரிக்காமலே அறியலாம். முதலில் புகை. நீலப்புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகையோ, காற்றுக்கு மிஞ்சிய டீசலைக் காட்டும். அடைத்துப்போன காற்று வடிகட்டியும் அதற்குக் காரணமாகலாம். அடுத்தது, எஞ்சினின் மூச்சுக்குழாயான பிரீத்தர். சூடான எஞ்சின் பளு இழுக்கும்போது அதிலிருந்து குபுகுபுவென்று ஆவி தள்ளினால் ரிங்குகளின் மீது சந்தேகம் கொள்ளலாம். மூன்றாவது, எண்ணெய் அழுத்தம். இதை எஞ்சின் நன்கு சூடான பின்பே பார்க்க வேண்டும். குளிர்ந்த எண்ணெயின் தடிப்பு, பேரிங் தேய்மானத்தை மறைத்துவிடும். அழுத்தம் குறைந்திருந்தாலும், வேறொரு மானியை மாட்டிப் பார்க்காமல் பேரிங்கைப் பழிக்கலாகாது.

நான்காவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பிஸ்டனை அழுத்தத்தின் உச்சியில் நிறுத்தி, கிராங்க் சுழலாதபடி தடுத்துக்கொண்டு, இன்ஜெக்டர் துளை வழியே காற்றைச் செலுத்திக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். பிரீத்தரில் இரைந்தால் ரிங்கு அல்லது லைனர். புகைபோக்கியில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட்டோ ஹெட்டோ பழுது. குற்றவாளி தன் இருப்பிடத்தைத் தானே சொல்லிவிடுகிறான்!

கடைசியாக, இரத்தப் பரிசோதனைக்கு நிகரான எண்ணெய்ச் சோதனை. தேய்ந்த உலோகம் கண்ணுக்குத் தெரியாத துகளாய் எண்ணெயில் கலந்திருக்கும். அந்த எண்ணெயை மின்பொறியில் எரித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறக்கோட்டைக் காட்டும். 1868 ஆகஸ்டு 18-இல், நம் மாநிலத்துக் குண்டூரில், முழுச் சூரிய கிரகணத்தின்போது பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சன் சூரியனின் விளிம்பை ஆராய்ந்ததும் இதே நிறமாலை முறையில்தான். 1940-களில் அமெரிக்க ரயில்வேயினர் டீசல் எஞ்சின்களின் எண்ணெயை இம்முறையில் சோதிக்கத் தொடங்கினர். இரும்பு மிகுந்தால் லைனர், குரோமியம் மிகுந்தால் ரிங்கு, ஈயமும் செம்பும் மிகுந்தால் பேரிங் என்று ஊகிக்கலாம். சிலிக்கான் மிகுந்தாலோ, புழுதி உள்ளே புகுகிறது என்று பொருள். ஒரு சோதனையோடு நிறுத்தாமல், அடுத்தடுத்த சோதனைகளை ஒப்பிடுவதே முறை.

இப்போது எங்கள் வண்டிக்கு வருவோம். நீலப்புகை வந்ததும் ஒரு பட்டறையில் எஞ்சினைப் பிரித்து ரிங்கும் லைனரும் மாற்றினார்கள். அம்மாவின் வளையல்கள் அடகுக்குப் போயின. சில மாதங்களில் மீண்டும் அதே நீலப்புகை! திருப்பதியில் இயற்பியல் படிக்கும் நான், அப்பாவை வற்புறுத்தி எண்ணெயை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பச் செய்தேன். இரும்பும் குரோமியமும் ஏறியிருந்தன; அவற்றோடு சிலிக்கானும் மிகுந்திருந்தது. தேடிப் பார்த்தோம். காற்று வடிகட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயில், கிளிப்புக்கு அடியில், விரல் நீள விரிசல். வடிகட்டியை ஏமாற்றிவிட்டுச் செம்மண் புழுதி நேராக எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அந்தக் குழாயை முன்பொரு விடுமுறையில் துடைத்து மாட்டியவன் நான்தான். விரிசலைப் பார்த்தும், "இது என்ன செய்துவிடும்" என்று கிளிப்பை இறுக்கிவிட்டேன். அப்பாவிடம் அதை ஒப்புக்கொண்டபோது அவர் கோபிக்கவில்லை. "ரிங்கு தேஞ்சதைத்தான் பார்த்தோம், ஏன் தேஞ்சதுன்னு கேட்கலையேப்பா" என்றார்.

நண்பர்களே, நான் படித்த நிறமாலைப் பாடம் எனக்கு விளங்கியது அன்றுதான். தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. தேய்த்தது எது என்று காண்பதே மீதி. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, டிராக்டரோ பம்புசெட்டோ வைத்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: எஞ்சினைப் பிரிக்கும் முன், அந்தக் காற்றுக்குழாயை ஒருமுறை கழற்றிப் பாருங்கள் என்று.