மனக்கவலையைச் செயலியிடம் சொல்லலாமா?

எங்கள் மனநலப் பிரிவுக்கு வருவோரில் சிலர், தம் மனக்குறையைச் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் முதலில் சொல்லிவிட்டே எங்களிடம் வருகின்றனர். இதில் வியப்பில்லை. நெடுஞ்சாலையோரத்தில் நள்ளிரவில் உறக்கமின்றித் தவிக்கும் நாமக்கல் லாரி ஓட்டுநருக்குப் பேச்சுத்துணையாகக் கிடைப்பது கைபேசி ஒன்றே. ஊரார் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமும் அங்கில்லை.

பயனே இல்லை என்றும் நாங்கள் கூறமாட்டோம். அமெரிக்காவின் டார்ட்மத் ஆய்வாளர்கள் 210 பேரிடம் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வில், 'தெராபாட்' என்னும் செயலியைப் பயன்படுத்தியவர்களின் மனச்சோர்வு அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. ஆனால் அது சிகிச்சைக்கென்றே உருவாக்கப்பட்டது. அதன் உரையாடல்களை ஆய்வுக் குழுவினர் கண்காணித்தனர். நம் கைபேசியிலுள்ள பொதுச் செயலிகளுக்கு அத்தகைய காவல் இல்லை.

அவற்றின் பெருங்குறை, எதற்கும் ஆமாம் போடுவது. அளவுக்கு மீறி இச்சகம் பேசியதால், 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனமே சாட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றது. சாதாரணக் கவலைக்கு இசைவான பேச்சு ஆறுதலாகலாம். 'பக்கத்து வீட்டார் எனக்குச் செய்வினை வைத்துவிட்டனர்' என்று உறுதியாக நம்பும் நோயாளிக்கோ, அதே இசைவு ஐயத்தை மேலும் வேரூன்றச் செய்யும்.

மருந்து பற்றிய ஐயங்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. இருதுருவ மனநோய்க்கு லித்தியம் உட்கொள்வோர் பலர் உள்ளனர். சேலத்துக் கோடையில் வியர்த்து உடலில் நீர் வற்றினாலும், மூட்டுவலிக்குக் கடையில் ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரையை வாங்கி விழுங்கினாலும், இரத்தத்தில் லித்தியம் நஞ்சாகும் அளவுக்கு உயரக்கூடும். கைநடுக்கம், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அதன் அறிகுறிகள். நடுக்கத்தை மட்டும் குறிப்பிட்டுக் கேட்டால், 'பதற்றமாக இருக்கலாம், மூச்சுப்பயிற்சி செய்யுங்கள்' என்று செயலி சொல்லிவிடலாம். உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவை அது அறியாது. இவ்வறிகுறிகள் கண்டால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

மேலும், நோயாளி எங்களிடம் கூறுவதற்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இரகசியக் காப்பு அளிக்கிறது. செயலியில் தட்டச்சு செய்வதற்கு அக்காப்பு இல்லை. ஆகவே பெயர், முகவரி, குடும்பச் சிக்கல்களை அதில் பதியாதிருப்பது நலம்.

உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: கைபேசியைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் ஒளித்துப் பேசுவார்கள். 'அது என்ன சொல்லிற்று?' என்று பரிவோடு கேளுங்கள். இசைந்தால் அவ்வுரையாடலை மருத்துவரிடம் காட்டச் செய்யுங்கள். அது எங்களுக்கு மெய்யாகவே உதவுகிறது.

'இருந்து என்ன பயன்' என்ற சொல் வாயில் வந்தாலோ கைபேசியில் தென்பட்டாலோ, அவரைத் தனியே விடாதீர்கள். தோட்டத்துப் பூச்சிமருந்து, எலிமருந்து, மீந்த மாத்திரைகள் அனைத்தையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அரசின் டெலிமானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது; தமிழிலேயே பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 108 ஊர்தியை அழைத்து, அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு எந்நேரமாயினும் அழைத்து வாருங்கள்.